பெயர் வெட்டிய கல்

உயிரோடு இருக்கிற கணவனின் கல்லறைக்கு ஞாயிறுதோறும் பூ வைத்தவள் கொல்லயில் ஊர்ப் பக்கத்தில் கிருபாபாய் ஒருத்திதான். பெரியவீட்டுக் குடும்பக் கல்லறையில் மிஞ்சியிருந்த கடைசி அறையைச் சுந்தரதாஸ் தனக்கென்று ஒதுக்கி, தன் பெயரை வெட்டிய பளிங்குக்கல்லால் மூடியும் வைத்திருந்தார்.

“கெட்டினவரைச் சீக்கிரம் வரச்சொல்லி பூ வைக்கா” என்று சர்ச்சுக்கு வருகிறவர்கள் சிரித்தார்கள்.

இப்போது சுந்தரதாஸ் இறந்துவிட்டார். சாயங்காலம் அடக்கம். கல்லைப் பெயர்க்கக் கொத்தனாரோடு வந்த மகன் ஜிபினைக் கிருபாபாய் மறித்து நின்றாள்.

“மக்கா, அப்பாவை வெளியே மண்ணில வைப்போம்.”

“பெரியவீட்டில ஆரையாவது மண்ணில வச்சதுண்டா? அப்பா ஆசைப்பட்டு ஒதுக்கின இடமாக்கும்.”

“சொன்னா கேளு.”

“அக்கா வேற மதத்தில கெட்டினான்னு அப்பா வெரட்டினாரு. செத்தாலும் இங்க இடமில்லன்னு சொன்னாரு. அதுக்கு இப்பம் பழி வாங்குதியளா?”

அக்கா ரெஜிலா போன வருஷம் குளத்தூரில் இறந்தபோது ஜிபின் துபாயில் இருந்தான். அப்பா காரக்கோணத்தில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தார். அடக்கத்தைப் பார்த்துக்கொண்டவள் அம்மாதான்.

கொத்தனார் உளியைக் கையில் வைத்துக்கொண்டு கிருபாபாயின் முகத்தையே பார்த்தார்.

“தட்டும் அண்ணே” என்றான் ஜிபின்.

கல் அசைந்தபோது போன ஞாயிறு வைத்த பூ சரிந்து விழுந்தது. காலியாக இருக்கவேண்டிய அறையில் ஒரு பெட்டி இருந்தது. அதன் மூடியில் வெள்ளை எழுத்தில் ரெஜிலா என்று எழுதியிருந்தது.

ஜிபின் குனிந்து கல்லைத் தானே தூக்கினான்.

“அண்ணே, வெளியே ஒரு குழி வெட்டணும்.”

“மெதுவா மூடு மக்கா” என்றாள் கிருபாபாய். “அக்கா கெடக்கா.”