முழங்கை மடிப்பு

"மாம்பழம்னு எழுதட்டுமா அண்ணி, எலுமிச்சைன்னு எழுதட்டுமா?"

"ஏன், ரெண்டையும் எழுதினா பேனா தேஞ்சிடுமா?"

"மாம்பழம் வேணும்னா வாங்கித் தின்ன வேண்டியதுதானே. அதுக்கு எதுக்கு பீரு?"

அண்ணி சிரிக்கவில்லை. சிரிப்பதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

காலையிலிருந்து இருவரும் முகர்ந்துகொண்டிருக்கிறார்கள். மேஜை நிறையக் காய்ந்த ஹாப்ஸ் பூக்கள், பச்சைக் காகிதத்தில் யாரோ பொறுமையாகச் செய்து வைத்த குட்டிக் கூம்புகள் போல, குவியல் குவியலாக. பீருக்குக் கசப்பும் மணமும் கொடுப்பது இதுதான். உள்ளங்கையில் வைத்து நசுக்கித் தேய்த்தால் மஞ்சள் தூள் கசிந்து பிசுபிசுக்கும். அந்த நொடியே மூக்கை உள்ளே விட்டுவிட வேண்டும். எந்தத் தோட்டத்து மூட்டையை வாங்குவது என்று ஆலை முடிவு செய்வது இந்த இரண்டு மூக்குகளை நம்பித்தான்.

போதாக்குறைக்கு, இந்த நெடி தூக்கத்தை வேறு கையைப் பிடித்து இழுத்து வரும்.

ஹாப்ஸில் வகைக்கு ஒரு மணம். சிட்ரா என்றால் மாம்பழமும் எலுமிச்சைத் தோலும். இளவட்டங்கள் அதற்குத்தான் உயிரை விடுகிறார்கள். கேஸ்கேட் என்றால் பம்ப்ளிமாஸ், ஓரத்தில் ஏதோ ஒரு பூ. சிம்கோ, மழையில் நனைந்த பைன் மரம். சாஸ் மட்டும் எந்த ஆர்ப்பாட்டமும் செய்யாது. வைக்கோல், தூரத்தில் கொஞ்சம் மிளகு. வயதானவர்கள் மதுக்கூடத்தில் உட்கார்ந்ததும் அதைத்தான் கேட்பார்கள்.

ஒரு குவியலுக்கும் அடுத்த குவியலுக்கும் நடுவில் மூக்கைக் காலி செய்ய ஒரு வழி உண்டு. முழங்கை மடிப்பில் முகத்தைப் புதைத்து ஒரு மூச்சு. தன் உடம்பு வாசனை தன் மூக்குக்கு எட்டாது. ஒரே வீட்டில் ஒட்டி வாழ்கிறவர்களுடையதும் ஏறக்குறைய அப்படித்தான்.

அவன் சட்டைக் கையைச் சுருட்டித் தன் தோலை முகர்ந்தான்.

அண்ணி கோட்டின் கையை முகர்ந்தாள். மடித்து விட்டும் மணிக்கட்டைத் தாண்டித் தொங்கும் வெள்ளைக் கோட்டு. ஒரு மூச்சோடு அவள் நிறுத்தவில்லை. எதையோ தொலைத்துவிட்டுப் பெட்டியைக் கிளறுகிறவள் போல, இன்னொன்று, இன்னொன்று.

அவன் பார்க்காததுபோல அடுத்த குவியலை அவள் பக்கம் தள்ளினான்.

அவள் நசுக்கினாள். முகர்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, "சிம்கோ" என்றாள்.

சாஸ். அதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

அவன் தாளில் 'வைக்கோல், மிளகு' என்று எழுதினான். கொஞ்ச நாளாகவே இரண்டு மூக்குக்கும் சேர்த்து அவன் ஒருவன்தான் முகர்கிறான். இரவு வீட்டுக்குப் போனால் சோறு எது, சோப்பு எது என்று தெரிவதில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு மேற்பார்வையாளர் அம்மாள் எட்டிப் பார்த்தார். பின்னால் சலவை வண்டி நின்றது.

"கோட்டெல்லாம் வண்டிக்கு. ஏம்மா, போன தடவையும் நீ போடல, அதுக்கு முந்தியும் போடல. இன்னும் கொஞ்ச நாள் விட்டா அதுவே லாண்டரிக்கு நடந்து போயிடும். இன்னிக்குப் போடாம இந்த மேஜையில உக்காரக் கூடாது, சொல்லிட்டேன்."

"இந்தக் குவியல் முடிஞ்சதும் நானே கொண்டாந்து போடறேன்" என்றான் அவன்.

கதவு சாத்திக்கொண்டது. வண்டி போகவில்லை. அதன் சக்கரம் வாசலிலேயே முன்னும் பின்னும் கிறீச்சிட்டது.

அண்ணி கோட்டைக் கழற்றினாள். உள்ளே ஆள் பாதியாக இருந்தாள். கழற்றியதை அவனிடம் கொடுக்காமல் மடியில் விரித்துக்கொண்டாள்.

முழங்கை மடிப்பு முழுக்க மஞ்சளேறிக் கிடந்தது. ஒவ்வொரு முறையும் நசுக்கிய கையாலேயே பிடித்து இழுத்து முகத்தில் வைத்துக்கொண்ட இடம்.

"என் கையாலயே கெடுத்துட்டேன் தம்பி. எங்க மோந்தாலும் மாம்பழம், எலுமிச்சை. பெரிய மூக்குக்காரின்னு பேரு மட்டும்."

அவன் கதவுப் பக்கம் திரும்பினான். கதவுக்குப் பின்னால், கொக்கியில், அவள் அளவுக்குத் தைத்த அவளுடைய கோட்டு சலவை மடிப்புக் கலையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. மழைக்காலத்திலிருந்து அதை யாரும் தொடவில்லை. பக்கத்துக் கொக்கி காலி.

"வீட்டுல எல்லாத்தையும் துவைச்சுட்டாங்க. காரியம் முடிஞ்ச கையோட, எனக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னு. தலையணை உறை, போர்வை, அவரு துண்டு, எல்லாம். இது இங்க மாட்டியிருந்ததால தப்பிச்சுது."

சக்கரம் மறுபடி கிறீச்சிட்டது.

அண்ணி கோட்டைத் திருப்பினாள். கை படாத இடமாக, கழுத்துப் பட்டியின் உட்புறத்தைத் தேடிப் பிரித்தாள். விரல் நுனி படாமல், இரண்டு மணிக்கட்டுகளுக்கு நடுவில் தாங்கி, மேஜைக்கு மேலே அவன் முகத்தருகே நீட்டினாள்.

"நீ அவரோட ஒரே போர்வைக்குள்ள வளந்தவன். ஒரே ஒரு தடவ மோந்து பாரு தம்பி. உங்கண்ணன் இன்னும் இதுல இருக்காரான்னு மட்டும் சொல்லு."