ஞாயிற்றுக்கிழமைப் பல்வலி

வலது கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு முனகிக்கொண்டிருந்தார் லிஃப்ட் மெக்கானிக். வேலைக்குக் கிளம்பிய மனைவி, பையைத் தோளில் மாட்டியபடி அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"போன ஞாயித்துக்கிழமை இடது பக்கம்தானே வலிச்சுது?"

"இப்ப இந்தப் பக்கம் வந்துடுச்சு. டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடறேன்."

"காட்டிட்டு வாங்க. லாண்டரியில வேலை முடிய ஆறு மணி ஆயிடும்."

மகளின் காலேஜ் ஃபீஸுக்காக அவள் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிறாள். அவள் தெருமுனை திரும்பியதும் பல்வலி போன இடம் தெரியவில்லை.

அடுத்த அரை மணியில் மைதானத்தின் நான்காவது வரிசையில், வழக்கமான இருக்கையில் இருந்தார் மெக்கானிக். ஊர்க் கால்பந்து அணியான கரடிகள் அணி வரிசையாகப் பதினாறு ஆட்டம் தோற்றிருந்தது. பத்தாவது தோல்வியன்றே, "இனிமே காசு குடுத்து இந்தக் கண்றாவியைப் பாக்க மாட்டேன்" என்று மனைவியிடம் மகள் மேல் சத்தியம் செய்து கொடுத்திருந்தார். அதற்கு அடுத்த ஞாயிறுதான் முதல் பல்வலி வந்தது.

இடைவேளைக்குள் மூன்று கோல் வாங்கியாயிற்று.

"இறங்கினா திரும்ப ஏறணும்ங்கிற அறிவு லிஃப்ட்டுக்குக்கூட இருக்கு. இவனுங்களுக்கு இல்லையே," என்றார் மெக்கானிக்.

"நாம வாங்குற டிக்கெட்தான் இவனுங்களுக்குத் திமிரு. நாலு வாரம் ஒருத்தரும் வராம இருந்தா தன்னால ஒழுங்கா ஓடி ஆடுவானுங்க," என்றார் பக்கத்து இருக்கை பேக்கரிக்காரர்.

"அப்ப நீங்க ஏன் வர்றீங்க?"

"ஜெயிக்கும்போது மட்டும் வர்றவன் விருந்தாளி. நாம வீட்டு ஆளுங்களாச்சே."

அப்போது அணியின் சின்னமான, தலை முதல் கால் வரை மூடிய கரடி வேஷம் கூட்டத்தைச் சிரிக்க வைக்க வரிசை வரிசையாக வந்தது. அணியைப் போலவே அதுவும் நொண்டிக்கொண்டிருந்தது. மற்றவர்களுக்குக் கையாட்டிய கரடி, மெக்கானிக்கின் முன்னால் நின்று அவர் காதைப் பிடித்துத் திருகிவிட்டுப் போனது.

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் மட்டும் திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"வாங்குற சம்பளத்துக்கு ஒழுங்கா வேலை பாக்குறது இந்தக் கரடி ஒருத்தன்தான்," என்றார் பேக்கரிக்காரர்.

ஆட்டம் ஐந்துக்குப் பூஜ்யம் என்று முடிந்தது. வீடு வரைக்கும் மனசு உறுத்திக்கொண்டே வந்தது. அணி தோற்றது பெரிதாகத் தெரியவில்லை. பெண்டாட்டியை ஏமாற்றுகிறோமே என்பதுதான் தாங்க முடியவில்லை.

ஆறரை மணிக்கு அவள் வந்தாள். தலைமுடியெல்லாம் வேர்வையில் நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்க்க ஆரம்பித்தாள்.

"பல்லு எப்படி இருக்கு?"

அந்த ஒரு கேள்வியில் அவர் உடைந்துபோனார்.

"பல்லுக்கு ஒண்ணுமில்ல. எல்லாம் பொய். ஏழு வாரமா கிரவுண்டுக்குத்தான் போறேன்."

அவள் கை நின்றது.

"பொண்ணு மேல பண்ணின சத்தியத்தையும் மீறிட்டேன். நீ நாளெல்லாம் கால் கடுக்க நின்னு சம்பாதிக்கிற, நான் அதைக் கொண்டுபோய் தோக்குறவனுங்களுக்குக் கொட்டிட்டு வர்றேன். என்னை நாலு அடி அடிச்சாக்கூட தகும்." அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இனிமே அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன். நான் மட்டுமில்ல, கிரவுண்டுல என் பக்கம் உக்கார்ற அத்தனை பேர்கிட்டயும் பேசி, ஒருத்தரையும் டிக்கெட் வாங்க விடாம பண்றேன். இது போதுமா?"

திட்டு விழும் என்று காத்திருந்தார். ஆனால் அவள்தான் தலையைக் குனிந்துகொண்டாள். தைல டப்பாவை மூடுவதற்கே வெகுநேரம் எடுத்துக்கொண்டாள்.

"நானும் உங்ககிட்ட ஒரு பொய் சொல்லியிருக்கேங்க," என்றாள். "நீங்க எல்லாரும் டிக்கெட் வாங்குறதை நிறுத்திட்டா, கரடிக்கு யாரு சம்பளம் குடுப்பாங்க?"