பெயர் கீறாத அரக்கி

“மூச்சை மூக்கால மட்டும் விடு. வாயைத் திறந்தா எல்லாம் பாழ்” என்று சொல்லிவிட்டு, படுத்திருந்தவளின் முகத்தை அந்த அம்மாள் மூடத் தொடங்கினாள். நெற்றி, கன்னம், உதடு எல்லாம் மறைந்து, கடைசியில் இரண்டு துளைகள்தான் மிச்சம்.

அதிலும் ஒன்றில்தான் காற்று போய்வந்தது. இடது பக்கம் எலும்பு உடைந்து உள்ளே போயிருந்தது.

பயப்பட வேண்டாம், கொலை எதுவும் இல்லை. அந்த அம்மாள் சிற்பி, பூசியது பிளாஸ்டர். புராணம் அரக்கி என்று ஒதுக்கிய பெண்களுக்கெல்லாம் நிஜப் பெண்களின் முகத்தை அச்செடுத்துத் தலைச்சிலை செய்துகொண்டிருந்தாள். மார்பில் விஷம் தடவிப் பால் கொடுத்தவள், தலைவிரி கோலமாய்ச் சிரித்தவள் எல்லாரும் முடிந்தார்கள். ஆசைப்பட்டவனிடம் ஆசையைச் சொன்னதற்காகக் காட்டில் மூக்கறுபட்டவள் மட்டும் பாக்கி.

அதற்காகத்தான், அக்கா வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்த இவளைச் சிற்பியே தேடிப் போய்க் கூப்பிட்டாள். “அந்தம்மாவை நம்பாதடி” என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். “போக்கா, என்னைத் தேடி வந்தவங்க அவங்க ஒருத்தர்தான்” என்று இவள் கிளம்பிவிட்டாள்.

சிற்பிக்கு இரண்டு பிடிவாதங்கள் உண்டு. அச்சில் வந்த முகத்தை உளியாலோ உப்புத்தாளாலோ தொடமாட்டாள். பருவானாலும் தழும்பானாலும் அப்படியே இருக்கும். இன்னொன்று, முகம் கொடுக்க வருகிற ஒவ்வொருத்தியிடமும் “உன்னை ராட்சசின்னு சொன்னது யாரு?” என்று கேட்டு, அந்தப் பெயரைச் சிலையின் பின்தலையில் கீறிவிடுவாள். ஊரில் சில பெரிய மனிதர்கள் அந்தக் கண்காட்சியை நினைத்துத் தூக்கம் கெட்டுத் திரிந்தார்கள்.

இவளிடம் மட்டும் சிற்பி அதைக் கேட்கவில்லை. இவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிளாஸ்டர் இறுகிக் கழன்று வந்ததும் இவள் முதலில் கேட்டது, “மூக்கு சரியா விழுந்திருக்கா?” என்றுதான்.

“அச்சு அசல். கோணல்கூட அப்படியே இருக்கு.”

“அப்படியே வச்சிடுங்க. தூக்கக் கலக்கத்துல கதவுல இடிச்சுக்கிட்டேன்னு அவர் எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்காரு. நான் சொன்னதை ஒருத்தரும் நம்பல. நாலு பேர் இந்த மூக்கைப் பார்க்கட்டும், பின்னாடி அவர் பேரையும் பார்க்கட்டும். அப்புறம் கோர்ட்டுல வாய் திறக்க எனக்குத் தைரியம் வந்துடும்.”

“பார்ப்பாங்கம்மா” என்ற சிற்பி, அச்சைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

வழக்கு விசாரணைக்கு முந்தின நாள் கண்காட்சி திறந்தது. இவள் நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு, முகத்தை மூடாமல், நிமிர்ந்தே போனாள். அடிபட்ட பிறகு அப்படி அவள் வெளியே போனது அதுதான் முதல் தடவை.

திரை விலகியது. இவளுடைய நெற்றிதான், இவளுடைய உதடுதான், மோவாயில் இருந்த மச்சமும் இவளுடையதுதான். நடுவில் மட்டும் எள்ளுப்பூவைப் போல ஒரு மூக்கு, எந்தக் கோணலும் இல்லாமல் எடுப்பாக நின்றது.

சிற்பி மைக்கைப் பிடித்தாள். “மூக்கை அறுத்தவங்க கதையையே இத்தனை காலமாச் சொல்லிட்டோம். போதும். அவ மூக்கை நான் அவளுக்கே திருப்பிக் கொடுத்துட்டேன்.”

கைதட்டல் அடங்கவே இல்லை. பத்திரிகைக்காரர் ஒருவர் “என்ன ஒரு பார்வை” என்று உருகினார். முன்வரிசையில் ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். காயமே இல்லாத சிலையைப் பார்த்து அழுவதற்கும் ஒரு மனசு வேண்டும்தான்.

நிஜ மூக்கோடு நின்றவளை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. “கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? போட்டோவை மறைக்கிறீங்க” என்றாள் ஒருத்தி. இவள் தள்ளிக்கொண்டாள். அப்போதுதான் சிலையின் பின்தலை கண்ணில் பட்டது. அது மொழுமொழுவென்று இருந்தது; ஒரு எழுத்துகூட இல்லை.

காலிப் பெட்டிகள் அடுக்கியிருந்த பின்னறையில் சிற்பியைத் தனியாகப் பிடித்தாள்.

“தொடவே மாட்டேன்னு சொன்னீங்களே?”

“கலைன்னா அப்படித்தாம்மா. கடைசி நேரத்துல வேற மாதிரி தோணும்.”

“அந்த அச்சையாவது கொடுங்க.”

“அதை உடைச்சாச்சு.”

ஒற்றை நாசியில் மூச்சு சீறியது. “நாளைக்கு நான் எதை நம்பிக் கோர்ட்டுல போய் நிப்பேன்?”

“எதுக்கும்மா நிக்கணும்? மூக்கு கோணினா வாழ்க்கையே கோணிடுமா? பேசாம கேஸை வாபஸ் வாங்கிடு.”

ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற வாயிலிருந்துதான் அது வந்தது. இவள் அந்த அம்மாளின் கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் இன்னும் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது.

“ஒருத்திக்கு அப்பன் பேரு, இன்னொருத்திக்கு மேனேஜர் பேருன்னு அழுத்தி அழுத்திக் கீறின கைதானே இது? என் புருஷன் பேரை எழுத மட்டும் வரலையா?”

சிற்பி எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்தபோது மைக்கில் பேசிய குரல் இல்லை.

“எப்படிம்மா வரும்? அவனைப் பெத்துப் பேர் வச்சதே நான்தானே.”