மாப்பிள்ளை பங்கு

"என்னது, கறி சாப்பிடமாட்டாரா? யாரு, நம்ம புது மாப்பிள்ளையா?"

பெரியத்தான் கையில இருந்த பாவுர்சாக், எண்ணெயில பொரிச்ச மாவு உருண்டை, வாய்க்குப் போற வழியில அப்படியே நின்னுச்சு.

ஐயோ, உளறிட்டேனே! சின்னக்கா என்கிட்ட மட்டும் சொன்ன ரகசியம் அது.

"மெதுவா பேசுங்க பெரியத்தான்! சும்மா ஒரு மாசம் கறி இல்லாம இருந்து பாக்கலாம்னு ஆரம்பிச்சாராம். இப்ப வாசனை வந்தாலே குமட்டுதாம்."

"அதுக்கு இன்னிக்கா? மாமியார் வீட்டுக்கு மொத தடவை வர்ற அன்னிக்கா?"

அதான் பிரச்சினையே. அப்பா இந்த நாளுக்குன்னே ஒரு கிடாவை வசந்த காலத்துலேர்ந்து கண்ணும் கருத்துமா மேய்ச்சிருக்கார். நெஞ்சுக்கறி மாப்பிள்ளை பங்கு. அதை வேணாம்னு சொன்னா, 'உங்க வீட்டு உறவே வேணாம்'னு மூஞ்சியில அடிச்ச மாதிரி. அப்பா அதுக்கப்புறம் சின்னக்கா வீட்டு வாசப்படி மிதிக்கவே மாட்டார்.

"நீங்கதான் எப்படியாவது காப்பாத்தணும் பெரியத்தான்."

"நானா? ஆடு திங்கிற புல்லுல இவரும் பங்குக்கு வந்தா, ஆடு பாவம் எங்கடி போகும்?"

கடகடன்னு சிரிச்சார். லாரி ஓட்டுறவர், சிரிச்சா லாரி ஸ்டார்ட் ஆகுற மாதிரியே இருக்கும். இன்னும் நாலு பாவுர்சாக்கை ஜாமுல முக்கி உள்ள தள்ளிட்டு, "வரட்டும், உள்ள வச்சுப் பாத்துக்கிறேன்"னு கத்தியைத் தீட்ட ஆரம்பிச்சார்.

எங்க வீட்டுல எந்த விருந்துன்னாலும் கறி அறுக்கிறது அவர்தான். எலும்புலேர்ந்து சீவிச் சீவி எல்லார் பக்கமும் தள்ளுவார். வாய் மட்டும் ஓயாது, யாரையாவது கிண்டல் பண்ணிக்கிட்டே இருக்கும்.

சாப்பாட்டு விரிப்பைச் சுத்தி எல்லாரும் உக்காந்தாச்சு. ஆவி பறக்கப் பெரிய தாம்பாளம் வந்துச்சு. அப்பா தன் கையாலேயே நெஞ்சுக்கறியை எடுத்து சின்னத்தான் முன்னாடி வச்சார்.

"சாப்பிடு மெதெத். என் மந்தையிலேயே இதான் ஒசத்தி."

சின்னத்தான் முகம் பாலாடை மாதிரி வெளுத்துப் போச்சு. டீ ஊத்திக்கிட்டிருந்த சின்னக்கா, கிண்ணம் நிரம்பி வழியறதைக் கூடப் பாக்காம ஊத்திக்கிட்டே இருந்தா.

"மாமா, நான் ஒண்ணு சொல்லணும்..."

போச்சு. சொல்லப் போறார்!

"இருங்க மாமா!" பெரியத்தான் போட்டார் ஒரு சத்தம். "எனக்கு ஒரு நியாயம் வேணும்!"

"உனக்கு என்னடா?"

"இந்த வீட்டுக்கு இப்ப ரெண்டு மாப்பிள்ளை. நான் மட்டும் காலம் பூரா அறுத்துப் போடணும், இவரு சும்மா உக்காந்து திங்கணுமா? யோவ் சகலை, பிடிய்யா கத்தியை!"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அப்பாவும் தலையாட்டினார். பாவம், வாசனையே ஆகாத மனுஷன் கையில கத்தி!

"அழுத்தி அறுய்யா! பட்டன் தட்டுற மாதிரி தட்டிக்கிட்டிருக்கே. இது கறி, உன் ஆபீஸ் கம்ப்யூட்டர் இல்ல!"

மறுபடியும் சிரிப்பு.

"மொதல்ல உன் பங்கை அறுத்து மாமாவுக்கு வை. அப்புறம் சித்தப்பாவுக்கு. அந்தக் கடைசியில பாரு, கிண்ணம் காலி!"

சின்னத்தான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அறுத்து அறுத்து வச்சார். நெஞ்சுக்கறி முழுக்க சுத்தி இருந்தவங்களுக்கே போயிருச்சு. அப்பாவுக்கு ஒரே பூரிப்பு.

"பாத்தீங்களாடா? தன் பங்கையே எங்களுக்கு அறுத்து வக்கிறான். பட்டணத்துப் பையன்னு நெனச்சேன், தங்கம்!"

நான் அடுக்களைக்குப் போனா, அங்க சின்னக்கா மூக்கை உறிஞ்சிக்கிட்டு நின்னா.

"நீ எதுக்குடி அந்த ஆளுகிட்ட போய்ச் சொன்னே குரலாய்? வேணும்னே கத்தியைக் குடுத்து என் புருஷனைச் சித்திரவதை பண்றார்!"

எனக்கும் பத்திக்கிட்டு வந்துச்சு. டீ கொடுக்கிற சாக்குல உள்ள போய், பெரியத்தானை முறைச்சுட்டு நின்னேன்.

அப்ப அப்பா அவர் பக்கம் திரும்பினார்.

"தொக்தார், இத்தனை வருஷமா எங்களுக்கு அறுத்துப் போட்டே. இன்னிக்காவது நீ நிம்மதியா உக்காந்து சாப்பிடுடா!" சொல்லிட்டு ரெண்டு கையாலயும் அள்ளி, அவர் முன்னாடி ஒரு மலையே வச்சுட்டார்.

பெரியத்தான் சிரிப்பு டக்குன்னு நின்னுச்சு. அந்த மலையைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். அப்புறம் என் பாவாடை நுனியைப் பிடிச்சு இழுத்தார்.

"மச்சினிச்சி, சத்தமில்லாம ஒரு பை கொண்டாடி."

விருந்து முடிஞ்சு போறப்ப மிச்சத்தைக் கட்டிக் கொடுக்கிறது எங்க வழக்கம்தான். அதுக்குன்னு இப்பவேயா?

"ஒரு வாய் கூட வைக்கலை, அதுக்குள்ள மூட்டை கட்டணுமா? இவ்வளவு பேராசை ஆகாது பெரியத்தான்!"

அவர் என் காதுகிட்ட குனிஞ்சார். லாரி மாதிரி இருக்கிற குரல் கொசு மாதிரி வந்துச்சு.

"அடியே, நான் கறியை வாயில வச்சே ரொம்ப வருஷமாச்சு, உங்க பெரியக்காவுக்கு மட்டும்தான் தெரியும். கத்தி வச்சிருக்கிறவன் திங்கிறானான்னு எவனும் பாக்கமாட்டான்... இப்ப அந்தக் கத்தியைத்தான் அந்தப் புள்ளைக்குக் குடுத்துட்டேனே!"