நாலாவது ஓட்டம்

அப்பாவின் பயணப் பெட்டி பிள்ளைகள் இருவரின் கதிரைகளுக்கும் நடுவில் நின்றது. முடிவு தெரியும்வரை அதை அண்ணனும் தொடக்கூடாது, தம்பியும் தொடக்கூடாது என்று பேச்சு.

“கதைச்சுக் கதைச்சு என்ன பிரயோசனம் அண்ணை? இதிலை வாறது வரட்டும்,” என்று ஐங்கரன் தன் போனைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்தான். லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவின் தேத்தண்ணிக் கடையில் காலை பதினொரு மணி. டோக்கியோவில் விளக்குகளைப் போட்டுவிட்டு ஜப்பானும் தைவானும் பேஸ்போல் ஆடத் தொடங்கியிருந்தன.

அவர்களின் அப்பா தில்லையம்பலம் பெட்டிக்குப் பின்னால் நடுக் கதிரையில் இருந்தார். ஊரிலிருந்து விடியத்தான் வந்து இறங்கியவர், கம்பளித் தொப்பியைக்கூட இன்னும் கழற்றவில்லை.

“எனக்கும் ஒருக்கா விளங்கப்படுத்துங்கோவன்,” என்றார்.

மூத்தவன் துஷ்யந்தனுக்கு ஜப்பான் சாப்பாட்டுக் கடை ஒன்றின் குசினியில் வேலை. பேஸ்போல் பந்தயம் அங்கே பிடித்த வியாதி, அதைத் தம்பிக்கும் தொற்ற வைத்துவிட்டான். முழு ஆட்டமும் பார்க்க இருவருக்கும் பொறுமை கிடையாது. முதல் மூன்று இன்னிங்ஸில் எத்தனை ஓட்டம் என்பதோடு சரி.

“மூண்டு இன்னிங்ஸ் முடியிறதுக்குள்ளை ரெண்டு பக்கமும் சேர்த்து நாலு ஓட்டம் வந்தால் நீங்கள் என்னோடை கார்ஜுக்கு,” என்றான் துஷ்யந்தன். “வராட்டி இவனோடை ஸ்தேனுக்கு.”

ஒரே ரயில்தான். ஸ்தேனுக்கு அடுத்த தரிப்பு கார்ஜ். ஆனால் எங்கே இறங்குகிறாரோ அங்கேதான் அவருடைய மிச்சக் காலம்.

“அப்ப நாலு வந்தால் நீ வெண்டிட்டாய்,” என்றார் அப்பா. பிள்ளைகள் இருவரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விமானத்தில் பத்து மணித்தியாலமும் அவருக்கு ஒரே யோசனை. மனைவி போய்விட்டாள், வீட்டைப் பூட்டியாயிற்று, இந்த வயதில் யாருக்குப் பாரமாகப் போகிறேனோ என்று எண்ணியபடிதான் வந்தார். இங்கே பார்த்தால் பெற்ற பிள்ளைகள் இருவரும் அவரை வைத்துப் பந்தயம் கட்டுகிறார்கள். மனிதருக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை.

முதல் இன்னிங்ஸில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் தைவான்காரன் ஒருவன் அடித்த பந்து எல்லை தாண்டிப் போய் விழ, இரண்டு ஓட்டம். துஷ்யந்தன் நகத்தைக் கடித்தான். ஐங்கரன் கடைக்காரரைக் கூப்பிட்டு, “அப்பாவுக்குச் சூடாய் ரெண்டு வடை குடுங்கோ,” என்றான்.

தோற்றுக்கொண்டிருக்கிற நேரத்திலும் அப்பனின் வயிற்றை நினைக்கிறானே என்று, வந்த வடையில் ஒன்றை அவன் பக்கம் தள்ளினார்.

மூன்றாவதில் இன்னொன்று வந்தது. யார் பக்கமும் சாயாமல் இருக்கத்தான் அப்பா பார்த்தார், முடியவில்லை. கார்ஜில் பேத்தி அக்‌ஷரா இருக்கிறாள், இதுவரை போனில் மட்டும் பார்த்த பிள்ளை. “முருகா, இன்னும் ஒண்டு,” என்று வடையைக் கையில் பிடித்தபடியே வேண்டினார்.

முருகன் கேட்டுவிட்டான். ஜப்பான்காரன் மட்டையை வீச, பிடிக்க வேண்டியவன் பந்தைத் தவறவிட்டான். நாலு.

“வெண்டாச்சு,” என்று அப்பா மூத்தவனின் முதுகில் தட்டினார். துஷ்யந்தன் தன் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். மனைவி யசோதினிக்குச் சொல்லப் போகிறான் என்று அவருக்கு விளங்கியது.

சின்னவனைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. “மனம் விடாதை அப்பன். ஒரு ஸ்டேசன்தானே. நினைச்ச நேரம் வந்து என்னைப் பார்.”

“ஓம் அப்பா, கட்டாயம்,” என்றான் ஐங்கரன். பெட்டியைத் தானே தூக்கிக் கொண்டுபோய் வாசலில் வைத்தான்.

மருமகளின் குரலைத் தானும் கேட்க வேண்டும் போலிருந்தது அப்பாவுக்கு. சத்தம் காட்டாமல் போய் மூத்தவனின் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

“யசோ, தோத்துப்போனன். கிழவன் எங்களட்டைத்தான்.”