இல்லாத மூடி

கெரிச்சோ தேயிலைத் தொழிற்சாலையில் இலை நறுக்கும் இயந்திரம் நசிமியூவின் மூன்று விரல்களைப் பறித்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. மேலாளர் செருயோட் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே குனிந்தார்.

“இந்தாம்மா, லேபர் இன்ஸ்பெக்டர் வெளியில நிக்கிறார். பாதுகாப்பு மூடியை நீயே கழட்டிட்டேன்னு சொல்லிடு. இல்லேன்னா உன் புருஷனுக்கும் இங்க வேலை கிடையாது.”

அவள் கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள்.

“சொல்றேன் சார். ஆனா நீங்களும் பார்த்ததா சொல்லணும். என் பேச்சை மட்டும் யாரு நம்புவா?”

“அதுக்கென்ன, எழுதியே தரேன்!”

இன்ஸ்பெக்டர் ஒபுயா வந்தார். செருயோட் சொல்லிக்கொடுத்தபடியே அவள் சொன்னாள். செருயோட், “நேற்று அவள் மூடியைக் கழற்றியதைக் கண்ணால் பார்த்தேன்” என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

ஒபுயா ஃபைலிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார்.

“மூடி உடைஞ்சு போச்சு, புதுசு வர டிசம்பர் ஆகும்னு போன மாசம் எங்க ஆபீஸுக்கு எழுதியிருக்கீங்க. இதுவும் உங்க கையெழுத்துதானே? இல்லாத மூடியை இந்தம்மா எப்படிக் கழட்டினாங்க?”

குமாஸ்தா நீட்டிய காகிதங்களோடு அதிலும் கையெழுத்திட்டதைச் செருயோட் மறந்தே போயிருந்தார்.

நசிமியூ மறக்கவில்லை. குமாஸ்தா கொடுத்தனுப்பிய அந்தக் கடிதத்தை லேபர் ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்தவள் அவள்தான். போகும் வழியில், மடாட்டு மினிபஸ்ஸில் உட்கார்ந்து அதைப் படித்தும் பார்த்திருந்தாள்.