வீட்டார் சம்மதம்

"ஆறு மணிக்குள்ள இதை ஃபோட்டோ எடுத்து அனுப்பணும். கையெழுத்துப் போடப்போறியா, இல்லையா?"

கணவர் நீட்டிய ஃபாரத்தை மனைவி தொடக்கூட இல்லை. சாயங்காலம் மணி ஐந்தரை. கட்டில் முழுக்கச் சாமான்கள்: ரப்பர் பூட்ஸ், மழைக்கோட்டு, விசில், கொசுக்கடிக்குக் களிம்பு, அட்டை ஒட்டிக்கொண்டால் தூவுவதற்கு ஒரு டப்பா உப்பு.

விடிந்தால் வேன் வந்துவிடும். அவர் வேலை பார்க்கும் அச்சகத்தில் பைண்டிங் பிரிவு ஆட்கள் பன்னிரண்டு பேரும் காட்டுக்குள் போகிறார்கள். காலையில் போய் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். ஆனால் கூட்டிப்போகிற கம்பெனிக்காரர்கள் ரொம்பக் கண்டிப்பு. வீட்டில் ஒருத்தர் 'எனக்குச் சம்மதம்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் வேனில் ஏற்றுவார்களாம்.

"அந்த அஞ்சாவது பாயிண்ட்டை இன்னொரு தடவை படிங்க."

படித்தார். "பாம்புக்கடி, அட்டைக்கடி, வழுக்கி விழுதல், திடீர் வெள்ளம் ஆகியவற்றுக்கு நிறுவனம் பொறுப்பேற்காது."

படித்ததோடு விட்டாரா? "இதுல கயித்துப் பாலத்தைச் சேர்க்கவே இல்லை பாரு. நாப்பதடி உசரமாம். கீழே வெறும் பாறை."

"ஐயோ, சும்மா இருங்களேன்!"

"உள்ளதைத்தானே சொல்றேன்? உள்ளே போயிட்டா ஃபோனும் எடுக்காது. ஆஸ்பத்திரிக்கு வரணும்னா ரெண்டு மணி நேரம் ஆகும்."

இப்படியும் ஒரு மனுஷன்! பெண்டாட்டி முகம் வெளிறிப்போய் நிற்கிறாள், இவர் விடாமல் பயமுறுத்திக்கொண்டே இருக்கிறார்.

அவள் வேலை பார்ப்பதோ மருந்துக்கடையில். கடிக்கும் காயத்துக்கும் மருந்து கேட்டு வருகிறவர்களை நாள் முழுக்கப் பார்க்கிறவள். பயப்படாமல் என்ன செய்வாள்? அவருடைய பையில் கட்டுத்துணியைத் திணித்தாள். வெளியே எடுத்தாள். கூடவே காய்ச்சல் மாத்திரையையும் வைத்து மறுபடி திணித்தாள்.

"இதோ பாரு, நீ வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லு. இப்பவே வரலைன்னு சொல்லிடறேன். உன்னைவிட எனக்குக் காடு பெரிசா?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவள் ஃபோன் அடித்தது. அச்சகத்து சூப்பர்வைசர்.

"தங்கச்சி, எல்லார் ஃபாரமும் வந்துடுச்சு. உங்க வீட்டுக்காரரோடதுதான் பாக்கி. இந்தத் தடவையாவது அவரை விடும்மா."

"அண்ணே, எனக்குப் பயமா இருக்கு..."

"நீ இப்படித்தான் மலையேறப் போனப்பவும் விடலை, படகுல போனப்பவும் விடலை. பாவம், நாங்க கிளம்பும்போது மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டு நிப்பாரு. பொண்டாட்டி முந்தானையில முடிஞ்சு வெச்சிருக்கான்னு பசங்க கேலி பண்றானுங்க. எனக்கே மனசு கேக்கலை."

ஃபோனை வைத்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்த இரண்டு தடவையும் அழுது, சாப்பிடாமல் கிடந்து, போகவிடாமல் செய்தவள் அவள்தான். அவரும் ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் வீட்டிலேயே இருந்துவிட்டார். தன் பயத்துக்காக ஒரு மனுஷனை இப்படியா கட்டிப்போடுவது? நாலு பேர் சிரிக்கும்படியா வைத்திருப்பது?

பேனாவை எடுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். மனசு மாறுவதற்குள் ஃபோட்டோ எடுத்து சூப்பர்வைசருக்கே அனுப்பியும் விட்டாள்.

"தைரியமா போயிட்டு வாங்க. நான் எப்படியோ சமாளிச்சுக்கறேன். இனிமே எதுக்கும் உங்களைத் தடுக்கமாட்டேன்."

அவர் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

"அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேங்க. அவரும் பார்த்துட்டாரு. ஏன், சந்தோஷம்தானே?"

"அடிப்பாவி! நீ விடமாட்டேங்கற தைரியத்துலதானே நான் இத்தனை வருஷமா எல்லாத்துக்கும் பேர் கொடுத்துக்கிட்டு வரேன்!"